பார்க்கின்சன் ஆய்வுகளுக்கு எங்களையும் அழையுங்கள்: கொங்கு நாட்டு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் மாவட்டங்களின் மருத்துவக் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் பணியாற்றும் நரம்பியல் மருத்துவர்களுக்கும், அந்நிறுவனங்களில் ஆய்வுகளைப் பரிசீலித்து ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுக்களின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் கோபிசெட்டிபாளையம் வட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை. என் கணவர் மஞ்சளும் வாழையும் பயிரிட்டு வாழ்ந்த விவசாயி. சில ஆண்டுகளாக, கை நடுங்கி, உடல் விறைத்து, நடை தளரும் பார்க்கின்சன் என்ற நரம்பு நோயுடன் இருக்கிறார். இந்நோய் குறித்து நடந்த ஓர் ஆய்வில் அவர் நோயாளியாகவும், நான் ஒப்பீட்டுக்கான நலமுள்ள நபராகவும் தன்னார்வத்துடன் பங்கேற்றோம். இதே நோயுள்ள குடும்பங்கள் எங்கள் வட்டத்தில் இன்னும் சில உண்டு. அவர்களோடு பழகியதில் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே இம்மடலை எழுதுகிறேன்.

“நம் பக்கத்து மக்கள் ஆய்வுக்கெல்லாம் வரமாட்டார்கள்” என்று மருத்துவ வட்டாரங்களில் சொல்லப்படுவதை நான் ஒரு முறைக்கு மேல் கேட்டிருக்கிறேன். அது உண்மையில்லை என்பதைச் சொல்வதே என் நோக்கம். எனக்குத் தெரிந்த பார்க்கின்சன் குடும்பங்களில் பெரும்பாலானவர்களை யாருமே எந்த ஆய்வுக்கும் அழைத்ததில்லை. அழைக்கப்பட்ட சிலரும், வர இயலாத வகையில் அழைக்கப்பட்டார்கள். இவ்விரண்டையும் மாற்றும் அதிகாரம் உங்கள் கையில் இருப்பதால்தான் இம்மடல் உங்களை நோக்கி வருகிறது.

எங்கள் பங்கேற்பு ஏன் தேவை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணவர் வேளை தவறாமல் விழுங்கும் மாத்திரையில் இருக்கும் லெவோடோபா, தன்னுடலை ஆய்வுக்குத் தந்த மனிதர்களால் நமக்குக் கிடைத்தது. 1961-இல் வியன்னா நகரில் பிர்க்மையர், ஹோர்னிகீவிச் என்ற இருவர் அம்மருந்தை நோயாளிகளுக்கு ஊசி வழியே செலுத்திப் பார்த்தபோது, படுக்கையிலிருந்து எழ முடியாதிருந்தவர்கள் எழுந்தார்கள், நடந்தார்கள். அந்தப் பலன் சில மணி நேரமே நீடித்தது. 1967-இல் அமெரிக்காவில் கோட்ஸியாஸ் என்பவர் வாய்வழியாகச் சிறிது சிறிதாக அளவைக் கூட்டிக் கொடுத்துப் பலன் நிலைக்கச் செய்தார். முடிவு என்னவாகும் என்று யாரும் உறுதி கூற முடியாத காலத்தில், கட்டிலில் கிடந்தபடி அதற்கு உட்பட்ட அந்த முதியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் ஒவ்வொரு மாத்திரையிலும் இருக்கிறது.

இந்தக் கதையில் நம் மண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. 1937-இலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து இதே லெவோடோபாவைப் பிரித்தெடுத்து, அதை ஆய்விதழில் வெளியிட்டார்கள். நம் வேலியோரங்களில் படர்ந்து, தொட்டால் அரிக்கும் அந்தக் கொடியின் விதையில் இருந்த பொருளே பிற்காலத்தில் இந்நோயின் முதன்மை மருந்தாகும் என்று அன்று யாருக்கும் தெரியாது. அறிவியல் ஆசிரியையாக இருந்த காலத்தில் இதை அறிந்திருந்தால் வகுப்புதோறும் சொல்லியிருப்பேன்.

பிற நாட்டு மக்களிடம் செய்த ஆய்வு நமக்கும் பொருந்திவிடும் என்று இருந்துவிட முடியாது. இதற்கு அண்மைக் காலச் சான்று நைஜீரியா. ஜிபிஏ1 என்ற மரபணுவுக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் உள்ள தொடர்பை ஐரோப்பிய வம்சாவளியினரிடம் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்திருந்தார்கள். ஆனால் நைஜீரியர்களையும் ஆப்பிரிக்க வம்சாவளி அமெரிக்கர்களையும் சேர்த்துச் செய்த ஆய்வு 2023-இல் வெளிவந்தபோதுதான், அதே மரபணுவில் ஆப்பிரிக்க மக்களிடம் பரவலாகக் காணப்படும் வேறொரு மாற்றம் இந்நோயின் அபாயத்தைக் கூட்டுவது தெரியவந்தது. அம்மக்களைக் கேட்காத வரை அது யார் கண்ணிலும் படவில்லை. கொங்கு நாட்டு மக்களின் உடலில் எது இருக்கிறது, எது இல்லை என்பதை எங்கள் இரத்தத்தைப் பார்க்காமல் யார் சொல்ல முடியும்?

எங்கள் பக்கம் மாமன் மகளை, அத்தை மகனை மணக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. இளம் வயதிலேயே தோன்றும் ஒருவகைப் பார்க்கின்சன் நோய்க்குக் காரணமான ‘பார்க்கின்’ மரபணுவை 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். அது தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுடன் வந்து சேரும்போதே நோயைத் தருகிறது. உறவுக்குள் மணம் நடக்கும் ஊர்களில் அத்தகைய சேர்க்கைக்கு வாய்ப்பு கூடுதல் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தொழில்களும் இந்த நோயோடு தொடர்பு உள்ளவையாக இருக்கலாம் என்ற ஐயம் எனக்கு உண்டு. பாராகுவாட், ரோட்டினோன் ஆகிய வேளாண் நஞ்சுகளைக் கையாண்டவர்களுக்குப் பார்க்கின்சன் நோய் ஏறத்தாழ 2.5 மடங்கு அதிகமாகக் காணப்பட்டதாக 2011-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கூறியது. பூச்சிக்கொல்லிகளோடு உழைத்த விவசாயிகளுக்கு வரும் இந்நோயைப் பிரான்ஸ் அரசு 2012-இல் தொழில்வழி நோயாக ஏற்றுக்கொண்டது. உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்படும் டிரைகுளோரோஎத்திலீன் கலந்த நீரைக் குடித்து வாழ்ந்த அமெரிக்கப் படைமுகாம் ஒன்றின் வீரர்களுக்கு, அத்தகைய மாசு இல்லாத முகாமின் வீரர்களைவிட 70 விழுக்காடு கூடுதல் அபாயம் இருந்ததாக 2023-இல் ஓர் ஆய்வு வெளியானது. தொடர்பு காணப்பட்டது என்பதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது என்பதை அறிவேன். ஆனாலும், முதுகில் தெளிப்பானைச் சுமந்து முகத்தில் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு மருந்தடித்த கைகளும், கோவையின் வார்ப்படச் சாலைகளிலும் பம்ப் மோட்டார்ப் பட்டறைகளிலும் உழைத்த கைகளும் இங்கே இத்தனை இருக்கும்போது, இக்கேள்வியை அமெரிக்காவின் அயோவாவிலும் பிரான்ஸின் பாரிஸிலும் கேட்டவர்கள் பவானியிலும் பீளமேட்டிலும் கேட்க வேண்டாமா? என் கணவருக்கு எதனால் வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அவருடைய காலத்தில் வராமலும் போகலாம். பின்னால் வருபவர்களுக்காவது வரட்டும்.

இனி, மக்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதற்கு வருகிறேன். “நம்மளை எலியாட்ட வெச்சுப் பாப்பாங்களாமுங்க” என்பதே முதலில் காதில் விழும் சொல். அதை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. கேட்காமலும் முறையாக விளக்காமலும் ஏழைகளிடம் மருந்துச் சோதனை நடந்ததாகப் புகார்கள் எழுந்து, அவை உச்ச நீதிமன்றம் வரை சென்று, அதன் பிறகே இந்நாட்டின் விதிகள் இறுகின என்பது வரலாறு. இன்று 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகள் இருக்கின்றன; ஆய்வால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும் என்று அவை சொல்கின்றன; பங்கேற்பாளர் எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலேயே விலகிக்கொள்ளலாம், அதனால் அவருடைய வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது. இவற்றை ஊரில் யாரும் எடுத்துச் சொன்னதில்லை. அச்சத்துக்கான செய்தி எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது, பாதுகாப்புக்கான செய்தி போய்ச் சேரவில்லை. அதைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை நோயாளியின் தலையில் சுமத்த முடியாது.

இதைவிட ஆழமான தயக்கம் ஒன்று உண்டு. அதை மருத்துவரின் அறையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டில் பேத்தி மணவயதில் இருக்கிறாள். கூட்டமும் குலமும் விசாரித்துப் பெண் எடுக்க வருகிறவர்கள், “அந்த வீட்டுல அப்பாருக்குக் கைகால் ஆடுதாமா” என்று கேட்டுவிட்டால் சம்பந்தம் தட்டிப்போகும் என்ற அச்சம் அது. பார்க்கின்சன் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அது பெற்றோரிடமிருந்து நேராக வந்ததில்லை என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கேட்டுத் தலையாட்டுவார்கள், ஆனாலும் அப்பாரைத் திருமண வீட்டின் முன்வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட வீட்டுக்கு மரபணு ஆய்வின் படிவத்தைக் கொண்டுபோகும்போது, “உங்கள் தகவல்கள் இரகசியமாக வைக்கப்படும்” என்ற ஒற்றை வரி போதாது. இரத்தம் எந்த ஊருக்குப் போகிறது, பெயருக்குப் பதிலாக எண் இடப்படுமா, அந்த எண்ணையும் பெயரையும் இணைக்கும் ஏடு யாரிடம் இருக்கும், எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பார்கள், வேறோர் ஆய்வுக்கு அதைக் கொடுப்பதானால் எங்களை மறுபடி கேட்பார்களா, மரபணுவில் ஏதேனும் தெரியவந்தால் அது எங்களுக்குச் சொல்லப்படுமா, வேண்டாம் என்றால் சொல்லாமல் விடுவார்களா என்பதெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். உள்ளூர்க்காரர் ஒருவரே ஆய்வு உதவியாளராக வந்தால் தகவல் ஊருக்குள் கசியும் என்று அஞ்சுகிறவர்களும் உண்டு, வெளியூர்க்காரர் வந்தால் நம்ப மாட்டோம் என்பவர்களும் உண்டு. யார் வர வேண்டும் என்பதைக் குடும்பத்தையே கேட்டுத் தீர்மானிப்பது நல்லது.

ஒப்புதல் படிவத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நெறிமுறைக் குழு என்ற முறையில் நீங்கள் ஒவ்வொரு வரியையும் பார்த்துக் கையொப்பமிடும் ஆவணம் அது. பங்கேற்பாளருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அதனால் தமிழ்ப் படிவம் ஒன்று கட்டாயம் இருக்கும். நான் பார்த்த படிவத்தில் எழுத்துகள் தமிழாக இருந்தன. வாக்கியங்களோ, முப்பது ஆண்டுகள் தமிழ்வழியில் அறிவியல் நடத்திய எனக்கே மூன்று முறை படித்தால்தான் பிடிபட்டன. “சீரற்ற முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்” என்று படித்த ஒரு பெரியவர், சீர்கேடான ஏதோ ஒன்றைத் தனக்குச் செய்யப் போகிறார்கள் என்று எண்ணிக் கையெழுத்திட மறுத்துவிட்டார். ‘குலுக்கல் முறையில் உங்களுக்கு எந்த மருந்து என்று முடிவாகும், அதை மருத்துவரும் தேர்ந்தெடுக்க முடியாது’ என்று எழுதியிருந்தால் அவர் ஒரு நொடியில் புரிந்துகொண்டிருப்பார். ஏலச்சீட்டும் குலுக்கல் சீட்டும் நடத்தத் தெரிந்த ஊர் எங்களுடையது. ஆகவே, ஆங்கிலப் படிவத்தைத் தமிழாக்கிய பின் அதைச் சரிபார்க்கும் வேலையை மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் சான்றிதழோடு நிறுத்திவிடாதீர்கள். எட்டாம் வகுப்பு வரை படித்த ஒருவரை உட்கார வைத்து, உரக்கப் படித்துக்காட்டி, “இதில் உங்களுக்கு என்ன செய்யப் போகிறார்கள், சொல்லுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். அவர் திரும்பச் சொல்வதில்தான் படிவத்தின் தரம் தெரியும்.

அந்த ஒப்புதலைப் பெறும் முறையிலும் இந்நோய்க்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பார்க்கின்சன் நோயாளியின் குரல் தாழ்ந்துவிடும், முகத்தில் அசைவு குறைந்துவிடும், கேள்விக்குப் பதில் வரச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் மருத்துவர் மகனைப் பார்த்துத் திரும்பிவிடுகிறார், மகன் பதில் சொல்லிவிடுகிறார், கையெழுத்தும் ஆகிவிடுகிறது. என் கணவருக்கு நடந்தது இதுவே. வீட்டுக்கு வந்த பிறகு, இரண்டு வாய் காபி குடித்துவிட்டு, தான் கேட்க நினைத்திருந்த கேள்வியை அவர் என்னிடம் கேட்டார்: “நடுவுல வேண்டாம்னு தோணுச்சுன்னா அந்த டாக்டர் கோவிச்சுக்குவாரா?” அதை அங்கேயே கேட்க அவருக்கு அரை நிமிடம் கூடுதலாகத் தேவைப்பட்டது, அவ்வளவுதான். முகம் உணர்ச்சி காட்டாததால் அவருக்கு விருப்பமில்லை என்றோ, பேச்சு தாமதிப்பதால் அவருக்குப் புரியவில்லை என்றோ முடிவுகட்டிவிடக் கூடாது என்பதை ஆய்வுக் குழுவின் ஒவ்வொருவருக்கும், குறிப்பாக இளம் ஆய்வு ஒருங்கிணைப்பாளர்களுக்கு, சொல்லிக்கொடுங்கள். படிவத்தை முதல் நாளே கொடுத்தனுப்பி, வீட்டில் பேசிவிட்டு வரச் சொன்னால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இப்போது எல்லாவற்றிலும் கடினமான ஒன்றுக்கு வருகிறேன். பார்க்கின்சன் ஆய்வுகள் பலவற்றில், மருந்தின் தாக்கம் இல்லாத நிலையில் நோயாளியைச் சோதிக்க வேண்டும் என்பதற்காக, முந்தைய இரவிலிருந்து ஏறத்தாழ 12 மணி நேரம் மருந்தை நிறுத்தி வரச் சொல்கிறார்கள். அதன் அறிவியல் தேவை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தியூரிலோ தாராபுரத்திலோ இருக்கும் ஒருவருக்கு அதன் பொருள் என்னவென்று எண்ணிப் பாருங்கள். கோவையில் காலை எட்டரைக்கு இருக்க வேண்டுமானால் விடியுமுன் கிளம்ப வேண்டும். மருந்தின் வேகம் தீர்ந்த உடம்பு மரக்கட்டையாக விறைத்திருக்கும். பேருந்துப் படிக்கட்டின் உயரத்துக்குக் காலைத் தூக்க முடியாது. பின்னால் இருப்பவர்கள் அவசரப்படுத்துவார்கள். அந்த அவசரத்திலேயே கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நடத்துநர் அவரைக் குடித்திருக்கிறார் என்று நினைப்பதும் உண்டு. காந்திபுரத்தில் இறங்கி, நகரப் பேருந்து மாறி, மருத்துவமனையின் வரிசையில் உட்காரும்போது அந்த மனிதருக்கு மிச்சமிருப்பது என்ன? அவரோடு வரும் மனைவி, அவரைப் பிடித்துக்கொண்டே கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார். இப்படி வந்து சேர்ந்தவரிடம் எடுக்கும் அளவில், நோய் எவ்வளவு, பயணக் களைப்பு எவ்வளவு என்று உங்களாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வின் தரத்துக்காகவே இது மாற வேண்டும்.

மாற்றுவது இயலாத காரியமில்லை. முதல் நாள் மாலையே வரச் சொல்லி, மருத்துவமனை வளாகத்திலோ அருகிலோ துணையோடு ஓர் இரவு தங்க இடம் கொடுக்கலாம். வாகனம் அனுப்பலாம். பெருந்துறை, திருப்பூர், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிகளைத் துணை மையங்களாக்கிக்கொண்டால் பயணம் பாதியாகும். சில அளவுகளை வீட்டுக்கே வந்து எடுக்கலாம்; கையில் கட்டும் கருவி வழியாக நடையையும் நடுக்கத்தையும் பதிவுசெய்யும் வழிகள் இப்போது வந்துவிட்டன. பயணச் செலவையும், நோயாளி, துணைக்கு வருபவர் இருவரின் கூலி இழப்பையும் ஈடுசெய்வதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் அனுமதிக்கின்றன. அப்படியிருக்க, ஆய்வுத் திட்டத்தின் வரவு செலவில் அந்த வரி ஏன் எப்போதும் கடைசியில், மிகச் சிறிய தொகையோடு நிற்கிறது? பனியன் கம்பெனியில் வாரச் சம்பளத்துக்கு வேலை செய்யும் மகள், அப்பாவை அழைத்துவர ஒரு நாள் விடுப்பெடுத்தால் அந்த வாரத்தின் சம்பளத்தில் அது தெரியும். நெறிமுறைக் குழு ஒரு திட்டத்தைத் திருப்பியனுப்ப இது போதுமான காரணம் என்றே நான் கருதுகிறேன்.

ஒப்பீட்டுக்காகச் சிலருக்குக் கொடுக்கும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைப் பற்றி மறைக்காமல் பேசுங்கள். இந்த நோயில் அது எதற்காகத் தேவைப்படுகிறது என்பதே வியப்பூட்டும் செய்தி. வெறும் உப்புநீர் ஊசியைப் போட்டாலும், மருந்து போட்டுக்கொண்டோம் என்ற எதிர்பார்ப்பிலேயே பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில், இந்நோயில் குறைந்துபோகும் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரப்பதை கனடாவின் வான்கூவர் ஆய்வாளர்கள் 2001-இல் படமெடுத்துக் காட்டினார்கள். நம்பிக்கையே அவ்வளவு வேலை செய்யும் நோயில், புதிய மருந்தின் பலனைத் தனியே பிரித்தறிய ஒப்பீடு இல்லாமல் முடியாது. இதைச் சொன்னால் எங்கள் மக்கள் கேட்டுக்கொள்வார்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை நிறுத்தப் போகிறார்களா, அல்லது அதோடு சேர்த்துப் புதியதைக் கொடுக்கப் போகிறார்களா என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதுதான் அவர்களின் முதல் கவலை.

எல்லா ஆய்வும் மருந்துச் சோதனை என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. நடையைப் படமெடுப்பது, குரலைப் பதிவுசெய்வது, மோப்பத் திறனைச் சோதிப்பது போன்ற, உடலுக்குள் எதையும் செலுத்தாத ஆய்வுகளே பல என்பதும், நோயில்லாத கணவனோ மனைவியோ கூட அவற்றுக்குத் தேவை என்பதும் தெரிந்தால் பலர் முன்வருவார்கள். நடுக்கம் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மோப்பம் குறைவதும், மலச்சிக்கலும், தூக்கத்தில் கையை வீசிக் கத்துவதும் தொடங்கிவிடலாம் என்பதால் இத்தகைய ஆய்வுகளின் மதிப்பு பெரிது. ஆனால் கருவிகள் இந்த ஊருக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் பயன்படும் 40 வாசனைகள் கொண்ட சோதனை ஒன்றில் பூசணிப் பணியாரத்தின் மணமும், ரூட் பீர் என்ற அந்நாட்டுக் குளிர்பானத்தின் மணமும் உண்டு. வாழ்நாளில் அவற்றை முகர்ந்தே அறியாத ஆத்தாவுக்கு மோப்பம் போய்விட்டது என்று அதை வைத்து எழுதிவிட முடியுமா? மஞ்சளையும் வெந்தயத்தையும் மல்லிகையையும் கற்பூரத்தையும் வைத்துக் கேளுங்கள், சரியான பதில் வரும். அதே போல, எழுத்து சிறுத்துப்போவது இந்நோயின் அடையாளம் என்றால், எழுதப் பழகாத பெண்களிடம் புள்ளிக்கோலத்தைப் போடச் சொல்லிப் பாருங்கள்.

பெண்களைக் குறித்துத் தனியாகவே ஒரு வேண்டுகோள். எங்கள் வட்டத்தில் சிகிச்சைக்கு வரும் ஆண்களோடு மனைவி வருகிறார். நோய் மனைவிக்கு என்றால் அவரை அழைத்துவர ஆளில்லை. “வயசாச்சு, கை ஆடுது” என்று அடுப்படியிலேயே இருந்துவிடுகிறார்கள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையோடு வீடுதேடி வருகிறார்கள். கை நடுக்கத்தையும் நடை தளர்வையும் கவனித்துக் கேட்கும் சில கேள்விகளை அவர்களுக்குப் பயிற்றுவித்தால், இதுவரை எந்தக் கணக்கிலும் வராத பெண்கள் முதலில் சிகிச்சைக்கும், விரும்பினால் பின்னர் ஆய்வுக்கும் வந்து சேர்வார்கள். சிகிச்சை முதலில் என்ற வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

ஆய்வு முடிந்த பின் நடப்பதும் உங்கள் பொறுப்பில் சேரும். நாங்கள் பங்கேற்ற ஆய்வின் முடிவு என்னவாயிற்று என்று இன்றுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஏதோ ஓர் ஆங்கில ஆய்விதழில் அது வெளியாகியிருக்கக்கூடும். பலன் இல்லை என்ற முடிவாக இருந்தாலும் எங்களுக்கு அது வேண்டும். கோஎன்சைம் கியூ10 என்ற விலையுயர்ந்த மாத்திரை இந்நோயின் வேகத்தைக் குறைக்குமா என்று 600 பேரிடம் சோதித்து, குறைக்கவில்லை என்று 2014-இல் அமெரிக்காவில் அறிவித்தார்கள். அந்த 600 பேருக்கும் நேரடியாகக் கிடைத்தது ஒன்றுமில்லை எனலாம். ஆனால் அவர்களால் எத்தனையோ குடும்பங்கள் வீண் செலவிலிருந்து தப்பின, நாங்களும் அதில் ஒரு குடும்பம். எங்களால் இன்னொருவருக்கு அப்படியொரு நன்மை விளைந்திருந்தால் அதை அறியும் உரிமை எங்களுக்கு இல்லையா? முடிவுகளை இரண்டு பக்கத் தமிழில் எழுதிப் பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் அஞ்சலில் அனுப்புவதை, ஒப்புதல் வழங்கும்போதே நிபந்தனையாக்குங்கள். புதிய மருந்து ஒருவருக்குப் பலன் தந்திருந்தால், ஆய்வு முடிந்த மறுநாள் அதை நிறுத்திவிடுவார்களா என்பதும் தொடங்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். ஆய்வுக்குப் பிந்தைய மருந்து வழங்கல் குறித்து 2019 விதிகளிலேயே இடம் இருக்கிறது.

இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளை ஆய்வுப் பதிவேட்டில் பதிவுசெய்வது 2009 முதல் கட்டாயம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம் என்றாலும், அது ஆங்கிலத்தில் இருப்பதால் எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. உங்கள் மருத்துவமனையில் இப்போது நடக்கும் ஆய்வுகளின் விவரத்தை, யார் சேரலாம், யார் சேர முடியாது, யாரைக் கேட்க வேண்டும் என்ற அளவிலாவது தமிழில் எழுதி, நரம்பியல் புறநோயாளிப் பிரிவின் சுவரில் ஒட்டுங்கள். வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் படிக்க எங்களுக்கு அவகாசம் நிறைய இருக்கிறது.

இறுதியாக நெறிமுறைக் குழுக்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், அவர்களில் பாதிப்பேராவது நிறுவனத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும், மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவரும் இடம்பெற வேண்டும் என்பது விதி. பார்க்கின்சன் ஆய்வு ஒன்று உங்கள் மேசைக்கு வரும் நாளிலாவது, இந்நோயோடு வாழும் ஒருவரையோ, அவரைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரையோ சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிட்டுக் கருத்துக் கேளுங்கள். மாத்திரை நேரமும் பேருந்து நேரமும் எங்கே முட்டிக்கொள்ளும் என்பதை அவர் முதல் பக்கத்திலேயே காட்டிவிடுவார்.

அடுத்த ஆய்வுக்கான தமிழ்ப் படிவத்தின் வரைவு உங்களிடம் இருந்தால், அச்சிடும் முன் அதைப் படித்துக் கருத்துச் சொல்ல எங்கள் வட்டத்துக் குடும்பங்கள் சில ஆயத்தமாக இருக்கின்றன. இதற்கு எந்தக் கட்டணமும் வேண்டாம். உங்கள் குழுவிலிருந்து ஒருவர் கோபிக்கு வந்தால் போதும். காலை மாத்திரை வேலை செய்யத் தொடங்கியபின், பத்து மணிக்கு மேல் என்றால் எல்லோராலும் பேச முடியும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்